பெரியாண்டான் குளத்துக்கு இரண்டாம் சாட்சி

திருப்பூர்,
8-12-1958

அன்பு நண்பர் புலவர் நாச்சிமுத்து அவர்களுக்கு,

காஜா மொய்தீன் எழுதுவது. உங்கள் மீது அமைதி நிலவுக. இதை அரபியில் எழுதினால் தமிழில் என்ன என்று கேட்பீர்கள்; அதனால் நானே முந்திக்கொண்டேன்.

வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். என் பனியன் கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் நின்று நீங்கள் பேசுவதை உள்ளே ஜன்னலோரம் நின்று தினமும் கேட்கிறேன். "ஊருக்கெல்லாம் பனியன் பின்னுகிறவன் முதுகில் பனியன் இல்லை" என்று நேற்று முன்தினம் முழங்கினீர்களே, அது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது. சபுரா கேட்கிறாள்: "உங்க கூட்டாளிக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க. பனங்கற்கண்டு குடுத்தனுப்பட்டுங்களா?" நம்மை எதிர்த்துத்தான் பேசுகிறார் என்றேன். "பேசட்டுங்க, அதுக்காகத் தொண்டை கெடணுமா?" என்கிறாள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

நேற்று விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெருப்பெரிச்சல் ஊர்ப் பெரியாண்டான் குளத்துக்குப் போனேன். போன குளிர்காலம் வரைக்கும் நாம் இருவரும் சேர்ந்து போன வழிதான். பனி இன்னும் கலையவில்லை. நாணலையொட்டி நீலச்சிறகிகள் வழக்கம்போல் கூட்டமாகக் கிடந்தன. ஊசிவால் வாத்துகளும் வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் அப்பால், தனியாக, ஒன்று என்னை நோக்கியே மிதந்து வந்தது. தலையும் கழுத்தும் இளஞ்சிவப்பு. அலகும் சிவப்பு. மார்பு கறுப்பு. இப்படியொரு வாத்தை நாம் அந்தக் குளத்தில் கண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து நம் பறவை நூலைத் திறந்தேன். பின்பக்கத்து வண்ணப்படங்களில் இளஞ்சிவப்புத் தலை வாத்து என்று ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? பல ஆண்டுகளாக அதை யாரும் காணவில்லை, உலகத்திலிருந்தே மறைந்திருக்கலாம் என்று கீழே எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு நீங்கள் குளக்கரையிலேயே ஓர் இரங்கல் சொற்பொழிவு ஆற்றினீர்கள். இருந்த வாத்துகளும் பறந்துபோயின. அந்த வாத்துதான், நண்பரே. நம் குளத்தில்.

இப்போது என் சங்கடத்தைக் கேளுங்கள். சோளக்காட்டில் நாம் கண்ட சிவப்புத் தினைக்குருவிகளைப் பற்றி எழுதியபோது பம்பாய்ப் பறவை அறிஞர் என்ன பதில் எழுதினார்? ஒருவர் கண்டால் கதை. இருவர் தனித்தனியே கண்டு ஒன்றாகச் சொன்னால்தான் செய்தி என்றார். அன்று நாம் இருவர் இருந்தோம், குருவி அவருடைய ஏட்டில் ஏறியது. இன்று நான் ஒருவன். என் ஒருவன் சொல்லை யார் நம்புவார்கள்?

மகிழ்ச்சியில் வாய் தவறி முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டேன். எங்கள் செயலாளர் ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொல்கிறார்: "இதுக்கெதுக்குங்க பாய் கவலை? சுட்டுத் தோலை உரிச்சுப் பம்பாய்க்கு அனுப்பீடலாம். செத்த வாத்து பொய் சொல்லாதுங்க."

உலகத்தில் கடைசியாக இருக்கும் ஒன்றை, இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கொல்வதா? துப்பாக்கி வேண்டாம் என்றால் எனக்கு உங்கள் கண் வேண்டும். வரும் ஞாயிறு விடியலில் வருவீர்களா?

உங்கள்
காஜா மொய்தீன்

*

திருப்பூர்,
11-12-1958

மதிப்பிற்குரிய காஜா மொய்தீன் அவர்களுக்கு,

வணக்கம். மடல் கிடைத்தது.

அடைத்த கதவுக்கு முன்னே நான் நிற்கிறேன். அடைத்த கதவுக்குப் பின்னே நீங்கள் நிற்கிறீர்கள். நம்மிடையே இருப்பது இரும்பு மட்டுமன்று. எரியாத அடுப்புகளின் ஆறிய சாம்பலும் இருக்கிறது. ஏறிவிட்ட விலைவாசிக்கு ஏற்பப் பஞ்சப்படியை உயர்த்துங்கள் என்றுதான் கேட்டோம். அரண்மனையைக் கேட்கவில்லை, அரை வயிற்றை முழு வயிறாக்கக் கேட்டோம். அதற்கு உங்கள் சங்கம் தந்த விடை, பூட்டு.

இந்நிலையில் என்னை வைகறைக் குளக்கரைக்கு அழைக்கிறீர்கள். உலகமே வியக்கும் வாத்தாகவே இருக்கட்டும்! தொழிலாளர் தலைவனும் முதலாளியும் விடியாத பொழுதில் தோளோடு தோள் நின்றால், காண்பவன் கண்ணுக்கு வாத்தா தெரியும்? பேரம்தான் தெரியும். நானூறு பேர் என் சொல்லை நம்பிப் பட்டினி கிடக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் தவிர அவர்களிடமும் வேறொன்றும் இல்லை, என்னிடமும் வேறொன்றும் இல்லை. அதைக் குளத்தில் கரைக்க மாட்டேன். வர இயலாது.

சபுரா அம்மையாருக்கு என் நன்றி. பனங்கற்கண்டு வேண்டா.

இங்ஙனம்,
நாச்சிமுத்து

பிற்சேர்க்கை: மார்பு கருமை என்று எழுதியிருக்கிறீர்கள், விலா எந்நிறம் என்று எழுதவில்லை. அதுதான் இன்றியமையாதது. விலாவும் கருமையா, பழுப்பா, வெண்மையா? தலையின் சிவப்பு தாமரை இதழின் சிவப்பா, செங்கல்லின் சிவப்பா? நீருள் மூழ்கி இரை தேடியதா, தலையை மட்டும் கவிழ்த்ததா? பிடரி இறகு உப்பியிருந்ததா? பறந்திருந்தால், சிறகின் அடிப்பக்கம் பார்த்தீர்களா? தனியே இருந்தது என்கிறீர்கள்; பெடை அருகில் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வீர்களா? ஒருவரை ஒருவர் அறியாமல் காண்பதே மேலான சான்று என்பதால், நான் மட்டும் வேறொரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தவறில்லை என்று தோன்றுகிறது. ஆனால் நம் இருகண் நோக்கி உங்களிடம் இருக்கிறது. மறுமொழி எழுதினால் கம்பெனி முத்திரையில்லாத உறையில் எழுதுக.

*

15-12-1958

நண்பருக்கு,

பைனாகுலரைக் கணக்கர் வேலுமணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். வலது கண்ணாடியில் கீறல் இருக்கிறது. இடது கண்ணால் பாருங்கள். உறையில் முத்திரை இல்லை, கவனித்தீர்களா?

விலா தெரியவில்லை. பனி.

கா. மொ.

*

திருப்பூர்,
18-12-1958

காஜா மொய்தீன் அவர்களுக்கு,

உறையில் முத்திரை இல்லை. உண்மை. பெட்டியில் இருந்தது!

உங்கள் கம்பெனியின் பெயரும், மயில் படமும், 'உயர்தரப் பனியன்' என்ற எழுத்தும் நாற்புறமும் அச்சிட்ட அட்டைப்பெட்டி. அதைச் சணல் கயிற்றால் கட்டி, மிதிவண்டியின் பின்னே ஏற்றி, பட்டப்பகலில், தெருவே வாயில்களில் உட்கார்ந்திருக்கும் வேளையில், வேலுமணி மணியடித்துக்கொண்டு வந்து என் வீட்டுப் படியில் இறக்கினார். "மொதலாளி குடுக்கச் சொன்னாருங்க" என்று உரக்கவும் சொன்னார். காதுள்ளவர் அனைவரும் கேட்டனர்.

என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

முதலில் வந்தவர் மாரக்காள். உங்கள் கம்பெனியில் பனியன் மடித்து அடுக்குகிறவர், உங்களுக்குத் தெரியும். "ஏனுங்கண்ணா, மொதலாளி ஊட்டுப் பொட்டி உங்க ஊட்டுக்கு வருதுங்களே, என்னுங்க?" என்றார். இருகண் நோக்கி, பறவை பார்க்கும் கருவி என்றேன். பெட்டியைத் திறந்தும் காட்டினேன்.

"குருவியப் பாக்கக் கண்ணு பத்தாதுங்களா? எங்க சோளக்காட்டுல குருவி வந்தா வெறுங்கண்ணுலதானுங்க பாத்து வெரட்டறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கன்னையன், பின்னல் எந்திரம் ஓட்டுபவர், எங்கள் போராட்டக் குழுவின் உறுப்பினர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று அன்று காலைதான் மனைவியை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவர்.

"சிரிக்காதீங்க" என்றார். "நம்மூட்டுல அடுப்பு எரியலீங்க. தலைவரு மொதலாளி குடுத்த கண்ணாடில குருவி பாக்கறாருங்களாம். பாக்கட்டும், பாக்கட்டும். பெரிய எடத்துச் சினேகிதம்."

மேடையில் என்னை நோக்கிக் கல் வந்திருக்கிறது, செருப்பு வந்திருக்கிறது, ஒருமுறை அழுகிய தக்காளியும் வந்திருக்கிறது. எதற்கும் நான் சொல்லிழந்து நின்றதில்லை. கன்னையனின் அந்தப் 'பாக்கட்டும்' முன்னே நான் சொல்லிழந்தேன்.

கருவியைத் திருப்பி அனுப்பினால் அஞ்சி அனுப்பினேன் என்பார்கள். வைத்துக்கொண்டால் வாங்கிக்கொண்டேன் என்பார்கள். ஆகவே சங்க அலுவலகத்து மேசைமேல், எல்லோரும் காண, வைத்துவிட்டேன். அதைக் கண்ணில் வைத்து மாரக்காள் எதிர்த்தெரு தேநீர்க்கடையைப் பார்க்கிறார். "பாலுல தண்ணி ஊத்தறான், இங்கிருந்தே தெரியுதுங்க" என்கிறார்.

நான் குளத்துக்குப் போகவில்லை. போகவும் போவதில்லை. இனி எழுத வேண்டா.

நாச்சிமுத்து

*

திருப்பூர்,
20-12-1958

நண்பருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இதை எழுதாவிட்டால் பிறகு நாம் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

பெட்டிக்காக முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். கண்ணாடி உடையாமல் அனுப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் என் நினைப்பில் இருந்தது. நான் பனியன்காரன்; என் வீட்டில் எதை அனுப்பினாலும் அந்தப் பெட்டியில்தான் போகும். பெருநாளுக்கு என் தங்கை வீட்டுக்கு அனுப்பிய பலகாரமும் மயில் படத்தோடுதான் போனது. கன்னையனுடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று கேட்பீர்கள். தெரியவில்லை.

நீங்கள் மட்டும்தான் பழி சுமக்கிறீர்கள் என்று எண்ண வேண்டாம். எங்கள் சங்கத்தில் நான் வாயைத் திறந்தாலே, "பாய், உங்க வாத்துக் கூட்டாளிகிட்டக் கேட்டுட்டுப் பேசறீங்களா?" என்கிறார்கள். உங்கள் பக்கத்தில் நான் முதலாளி. இந்தப் பக்கத்தில் நான் நாச்சிமுத்துவின் ஆள்.

அது போகட்டும். ஈஸ்வரமூர்த்தி 28-ஆம் தேதி ஞாயிறு காலை துப்பாக்கியோடு குளத்துக்கு வருகிறார். வாத்து போய்விட்டது என்று பொய் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆள் விட்டுப் பார்த்துவிட்டார்; இருக்கிறதாம். "உங்களுக்காகத்தானுங்க பாய் செய்யறேன். உலகமே நம்மூரைப் பேசும். குளம் எல்லாருக்கும் பொதுதானுங்களே" என்கிறார். கெட்ட எண்ணம் கொண்டவரல்லர். உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாக நினைக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொருவரும் கண்டு உறுதி சொல்லிவிட்டார், சாட்சி ஆகிவிட்டது, தோல் தேவையில்லை என்றால் அவர் துப்பாக்கியைத் தூக்க மாட்டார். அந்த இன்னொருவர் இந்த மாவட்டத்தில் உங்களைத் தவிர யார்? எனக்குத் தெரிந்தவர்களில் குளத்து நாமக்கோழிக்கும் வாத்துக்கும் வேறுபாடு அறிந்தவர் நீங்கள் ஒருவரே.

நீங்கள் பசியைப் பற்றிப் பேசியபோது நான் ஒருநாளும் கேட்டைத் திறந்துவந்து குறுக்கிட்டதில்லை. போலீஸைக் கூப்பிடலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, என் வாசலில் வேண்டாம் என்றேன். இந்த ஒன்றைத்தான் உங்களிடம் கேட்டேன்.

நீங்கள் வராவிட்டாலும் 28 காலை நான் அங்கே இருப்பேன். துப்பாக்கிக்கும் வாத்துக்கும் நடுவில் கரையில் நிற்பேன். எனக்கு உங்களைப்போல் பேச வராது. நிற்க மட்டும் வரும்.

காஜா மொய்தீன்

*

திருப்பூர்,
25-12-1958

நண்பர் காஜா மொய்தீன் அவர்களுக்கு,

வணக்கம். 28 காலை வருகிறேன். நான் மட்டும் வரவில்லை. நானூறு பேரும் வரக்கூடும். அஞ்ச வேண்டா. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மாலை வாயிற்கூட்டம். நான் பேசத் தொடங்கி ஐந்தாறு சொற்றொடர் போகுமுன் கன்னையன் எழுந்தார்.

"அண்ணா, ஒரு கேள்விங்க. அந்தப் பொட்டிக்கு அர்த்தம் என்னுங்க? எல்லாரும் உங்களுக்குப் பின்னால பேசறாங்க. நான் முன்னாலயே கேட்டர்றேன்."

பெரிய சொற்பொழிவொன்று என் நாவில் வந்து நின்றது. மாற்றாரின் சூழ்ச்சி, வரலாற்றின் தீர்ப்பு, எல்லாம் அணிவகுத்து நின்றன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். நானும் முதலாளியும் பல குளிர்காலங்களாகக் குளத்துப் பறவைகளைப் பார்ப்பவர்கள். உலகில் இல்லையென்று கருதப்படும் வாத்தொன்று வந்திருக்கிறது என்று அவர் நினைக்கிறார். இரண்டாவது ஆள் கண்டு உறுதி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சுட்டுவிடுவார்கள். இதுவே பெட்டிக்குப் பொருள் என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "வாத்துக்கே சாட்சி கேக்கறாங்களா? நம்ம பசிக்கு யாருமே கேக்கலீங்களே!" என்றார். சிரிப்பும் பெருமூச்சும் ஒன்றாய் எழுந்தன.

"நீங்க ரெண்டு பேரும் வாத்தப் பாக்கறீங்களா, வேறென்னமோ பேசறீங்களான்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார் கன்னையன்.

"வாருங்கள். வந்து பக்கத்தில் நில்லுங்கள். அவர் பேசுவதையும் நான் பேசுவதையும் உங்கள் காதாலேயே கேளுங்கள்" என்றேன்.

"வாத்து பறந்துராதுங்களா?" என்று மாரக்காள் கேட்டார். கூட்டத்தை எழுப்பத்தான் நான் கற்றிருக்கிறேன், அடக்கக் கற்றதில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையில் எனக்கு எதையும் சொல்லித் தராதீர்கள். 'பாருங்கள், தலை தெரிகிறதா, நிறம் தெரிகிறதா' என்று கேளாதீர்கள். கருவியை நானே கொண்டுவருகிறேன். காண்பதைக் காண்கிறேன், கண்டதைச் சொல்கிறேன்.

நாச்சிமுத்து

*

திருப்பூர்,
29-12-1958

அன்பிற்குரிய நண்பருக்கு,

நீங்கள் மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டீர்கள். அதன்பின் நடந்தவற்றை நீங்கள் அறியமாட்டீர்கள். அதற்கு முன் நடந்தவற்றையும் என் பக்கத்திலிருந்து அறியமாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

இருட்டிலேயே புறப்பட்டோம். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் எண்ணியதைவிடக் குறைவாகவே வந்தார்கள். எனினும் நூற்றுக்கு மேல். குளத்துக் கரையேறுமுன் திரும்பி நின்றேன். இத்தனை பேர் என் முகத்தைப் பார்த்து நிற்க, வாய் திறக்காமல் நான் நின்றது என் வாழ்வில் அதுவே முதல்முறை. விரலை உதட்டில் வைத்தேன். இரு கையாலும் உட்காருங்கள் என்று காட்டினேன். உட்கார்ந்தார்கள். வயிறு காய்ந்த கூட்டம், பனியில் நனைந்த புல்லில், ஒரு வாத்துக்காக ஓசையின்றி உட்கார்ந்தது. அதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. இருகண் நோக்கியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

ஈஸ்வரமூர்த்தி அவர்கள் ஜீப்பிலிருந்து துப்பாக்கியோடு இறங்கியவர், கரைநெடுக ஆட்களைக் கண்டு திகைத்து, துப்பாக்கியைக் குடையைப்போல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். நீங்கள் உங்கள் சொற்படி நடுவில் நின்றீர்கள். என்னிடம் எதையும் சொல்லவில்லை. கை மட்டும் நாணலைச் சுட்டியது.

வாத்து இருந்தது. நம்மை நோக்கி நீந்தி வந்தது. நீங்கள் எழுதிய அத்தனையும் உண்மை: சிவந்த தலை, சிவந்த அலகு, கரிய மார்பு. ஆம் என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. அப்போது கதிர் எழுந்தது. அது பக்கவாட்டில் திரும்பியது. விலா, வெளுத்துக் காயப்போட்ட பனியன் துணிபோல் வெண்மை. தலையின் நிறமும் வெயில் பட்டதும் செங்கல்லாக மாறிற்று, தாமரையாக இல்லை. அது செங்கொண்டை வாத்து, நண்பரே. தென்னாட்டுக்கு அரியது, ஆயின் உலகில் உள்ளது.

"இல்லை" என்றேன்.

"நன்றாகப் பாருங்கள்" என்றீர்கள். மீண்டும் பார்த்தேன். மீண்டும் இல்லை என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. கருவியை நீட்டினேன், நீங்கள் வாங்கவில்லை.

நீங்கள் போனபின் ஈஸ்வரமூர்த்தி, "இதுக்கா பெட்ரோலைச் செலவு பண்ணி வந்தேன்? சாதா வாத்துக்குத் தோட்டா எதுக்குங்க?" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அரியதாக இருந்திருந்தால் செத்திருக்கும். அதன் எளிமையே அதைக் காத்தது.

மாரக்காள் கருவியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இத்தன அழகா இருக்குதுங்க. பேருதானுங்களே வேற? பாவம், மொதலாளி எதுக்குங்க அழுதுட்டுப் போறாரு?" என்றார்.

திரும்பும் வழியில் கன்னையன் நொய்யல் பாலத்தருகே வந்ததும் என் பக்கத்தில் வந்து நடந்தார். "அண்ணன் மொதலாளிக்காக ஒரு வாத்துல கூடப் பொய் சொல்ல மாட்டேனுட்டாருங்க" என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னார். அதோடு பெட்டிப் பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று நான் மகிழ வேண்டும். மகிழ இயலவில்லை. உங்கள் மகிழ்ச்சியைக் கொடுத்து என் நற்பெயரை மீட்டதுபோல் இருக்கிறது. ஊர் முன்னே சொல்லாமல் உங்கள் காதோடு சொல்லியிருக்கலாமா என்று இரவெல்லாம் எண்ணினேன். காதோடு சொல்லியிருந்தால் அதையும் பேரம் என்றிருப்பார்கள். எனக்கு அன்று காதோடு பேசும் உரிமை இல்லை. அதற்காக வருந்துகிறேன், சொன்னதற்காக வருந்தவில்லை.

செங்கொண்டை வாத்து என்று பம்பாய்க்கு எழுதுங்கள். இரண்டாம் சான்றாக என் கையொப்பம் உண்டு.

நாச்சிமுத்து

*

திருப்பூர்,
6-1-1959

நண்பருக்கு,

மறுமொழி இல்லை. உடல்நலம்தானே? வாயிற்கூட்டத்தில் பேசும்போது உங்கள் சாளரத்தைப் பார்க்கிறேன், அடைத்திருக்கிறது.

நாச்சிமுத்து

*

திருப்பூர்,
13-1-1959

அன்பு நண்பர் நாச்சிமுத்து அவர்களுக்கு,

உங்கள் மீது அமைதி நிலவுக.

உடல் நலம்தான். கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று சொன்னால் முழு உண்மையாகாது, கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், அது தானாகப் போகும்.

அன்று வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். சபுரா வந்து நின்றாள்.

"வாத்து என்னங்க ஆச்சு?"

"அது வேற வாத்தாம்."

"வாத்து இருக்குல்லங்க?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? நான்தான் அந்த வாத்துன்னு அதுவா வந்து உங்ககிட்டச் சொல்லுச்சு?"

சிரிப்பு வந்துவிட்டது; சிரிக்கவில்லை. சிரித்தால் சோறு உண்ண வேண்டியிருக்கும்.

நாலைந்து நாள் கழித்து யாருமில்லாத நேரத்தில் குளத்துக்குப் போனேன். பைனாகுலர் உங்கள் அலுவலக மேசையில் இருக்கிறது. வெறும் கண்ணால்தான் பார்த்தேன். வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். திரும்பியது. வெள்ளை விலா. வெறும் கண்ணுக்கே தெரிகிறது. முதல் நாளே நான் பனி விலகும்வரை பொறுத்திருந்தால் போதும். எனக்கு வீட்டுக்கு ஓடி நூலைத் திறக்கும் அவசரம்.

கரையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். நீங்கள் ஆம் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்பாய் ஏட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் ஏறியிருக்கும். இல்லாத வாத்தைக் கண்டுபிடித்த இருவர் என்று உலகம் சில காலமாவது பேசியிருக்கும். பொய்யென்று நிரூபிக்க ஒருவராலும் முடியாது, வாத்து பறந்துபோயிருக்கும். உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். உங்கள் முதல் கடிதத்தில் கிட்டத்தட்டக் கடிதத்தின் நீளத்துக்குப் பிற்சேர்க்கையும் இருந்தது. அப்படிப்பட்டவர், அத்தனை பேர் முன்னால், நண்பன் முகத்துக்கு நேரே, இல்லை என்றார்.

நேற்று எங்கள் சங்கக் கூட்டம். பொங்கலுக்குப் பிறகும் பூட்டைத் திறக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் காயவிட்டால் தானாக வருவார்கள் என்றார்கள். "பட்டினி பட்டினின்னு நாச்சிமுத்து சொல்றதெல்லாம் மேடைப் பேச்சுங்க" என்றார் ஒருவர். நான் எழுந்தேன். எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். "அந்த மனிதர் குளத்தில் 'இல்லை' என்று சொன்னபோது நான் நம்பினேன். அதே மனிதர் தொழிலாளி வீட்டில் சோறு 'இல்லை' என்று சொல்லும்போது மட்டும் நம்பாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை" என்றேன். அவ்வளவுதான் வந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து திங்கட்கிழமை என் கேட்டைத் திறக்கிறேன். நீங்கள் கேட்ட பஞ்சப்படியைத் தருகிறேன். என் ஒருவன் கம்பெனிதான். மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை. சங்கத்திலிருந்து நீக்குவோம் என்கிறார்கள். நூல் வியாபாரிகள் கடன் தர மாட்டார்கள் என்று காதில் போட்டுவைத்திருக்கிறார்கள். ஈஸ்வரமூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையான கவலையோடு கேட்டார்: "ஒரு வாத்துக்காகக் கம்பெனியையே குடுத்துட்டீங்களே பாய்?"

இப்போது நீங்கள் புதிதாகச் சேர்த்துக் கேட்கும் போனஸ் என்னால் இயலாது. அதில் நாம் சண்டை போடத்தான் போகிறோம். நேரில் போடலாம். கன்னையனையும் அழைத்து வாருங்கள். குழந்தை தேறிவிட்டதாக வேலுமணி சொன்னார், அவரிடமே கேட்க வேண்டும்.

பம்பாய்க்குக் கடிதம் எழுதிவிட்டேன்: செங்கொண்டை வாத்து, ஆண், பெரியாண்டான் குளம். கண்டவர்கள் என்ற இடத்தில் நம் இருவர் பெயரை எழுதிவிட்டு, 'மற்றும் பனியன் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர்' என்று சேர்த்திருக்கிறேன். உங்கள் கையொப்பத்துக்காக அது என் மேசையில் காத்திருக்கிறது.

இன்று காலையும் குளத்துக்குப் போனேன். அதன் பக்கத்தில் இன்னொன்று வந்திருக்கிறது. பழுப்பு உடம்பு, வெளிறிய கன்னம். அது போகும் பக்கமெல்லாம் நம் வாத்து பின்னாலேயே போகிறது. பனி இருந்தது. நான் பெயர் எதுவும் வைக்கவில்லை. வெயில் வரும்வரை கரையில் இருக்கலாம் என்றால், ஞாயிறு காலை வாருங்கள்.

உங்கள்
காஜா மொய்தீன்